குடல் சொன்ன சாட்சி

தொண்ணூறு நாளும் ‘மலத்தில் ரத்தம் இல்லை’ என்றே நோயாளி எழுதியிருந்த நோட்டை மூடி வைத்தார் அறுவைச் சிகிச்சை டாக்டரம்மா.

“நோட்டு ஒண்ணு சொல்லுது. கேமரா விட்டுப் பாத்தா, குடல் வேற சொல்லுது. புண்ணு ஆறவே இல்லையே, கண்டக்டரம்மா?”

பக்கத்தில் இருந்த தையல்காரக் கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மூன்று மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் தலைகுனியவில்லை.

“பொய்தான் எழுதினேன். ஆறினாத்தான் ஆபரேஷன்னு சொன்னீங்க. என்னால பொறுக்க முடியல.”

பெருங்குடல் புண்ணோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். போன வருடம் மலக்குடலே சரிந்து வெளியே வர ஆரம்பித்தது. பஸ்ஸில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, டிப்போ கழிவறையில் பல்லைக் கடித்துக்கொண்டு கையால் உள்ளே தள்ளுவாள். கேட்டவர்களிடம் முதுகுவலி என்பாள்.

“வீங்கின குடல்ல தையல் நிக்காதும்மா. சீழ் பிடிச்சா உயிருக்கே ஆபத்து.”

“நைஞ்ச துணியில தையல் நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா டாக்டர்?” என்றார் கணவர். “கத்தியும் வேணாம், வேலையும் வேணாம். வீட்ல இரு. ராணி மாதிரி வச்சுக்கறேன்.”

“குடல் வெளியே வருதுன்னு நான் வீட்டுக்குள்ள போகணுமாக்கும்?”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “புண்ணை ஆத்த வேற ஊசி இருக்கு. எட்டு வாரம் போட்டுட்டு மறுபடி பாப்போம். ஆறியிருந்தா, வயித்துல சின்ன ஓட்டை போட்டு, குடலை மேல இழுத்து இடுப்பெலும்போட சேத்துத் தைச்சுடலாம். ஆனா இன்னொரு பொய் சொன்னீங்க, கத்தியைத் தொட மாட்டேன்.”

“இனி யார்கிட்டயும் பொய் சொல்ல மாட்டேன்.”

ஆட்கள் நிறைந்த வராந்தாவுக்கு வந்ததுமே டிப்போ மேனேஜருக்குப் போன் போட்டாள்.

“எட்டு வாரத்துக்கு உக்காந்து பாக்கற வேலை கொடுங்க சார். முதுகுவலி இல்ல, அது பொய். மலக்குடல் வெளியே வருது. கேக்கலையா? மலக்குடல் சார், மலக்குடல்!”

“மெதுவாப் பேசேன், எல்லாரும் பாக்கறாங்க” என்று கணவர் அவள் கையைத் தொட்டார்.

“ஏன், டிக்கெட் இல்லாமலா ஏறிட்டேன்?” என்றவள், போனில் இன்னும் உரக்கத் தொடர்ந்தாள். “ஆபரேஷன் முடிஞ்சு திரும்ப பஸ்ஸுக்குத்தான் வருவேன். என் ரூட்டை யாருக்கும் கொடுத்துடாதீங்க!”

எதிர் பெஞ்சுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு வாய் பிளந்து பார்த்தார். கணவர் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அவளை ஒட்டி வந்து நின்றுகொண்டார்.

“என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? என் பொண்டாட்டிதான். பேசி முடிக்கட்டும்.”