மூச்சுத்துளை

நாலு எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருந்தாள் துஷாந்தி. வந்து பார்த்தால் சக்கரம் மூன்றுதான். கடை லொறிக்கும் வேனுக்கும் வருஷா வருஷம் வைத்துப் பழகிய கை, யோசிக்காமல் நாலை எடுத்துப் பையில் போட்டிருக்கிறது. மூக்குக்குக் கீழே ஒன்று, இறக்கைகளுக்குக் கீழே இரண்டு என்று வைத்து முடித்தபின் நிமிர்ந்து அந்தச் சாமானைப் பார்த்தாள். இரண்டு அலுமினியக் குழாய், மேலே இழுத்துக் கட்டிய துணி, நடுவில் கடை நாற்காலி மாதிரி ஒரு ஆசனம், அதன் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் டாங்கியும் எஞ்சினும். கதவு கிடையாது. கண்ணாடி கிடையாது. இதில் உட்கார்ந்துதான் இவள் புருஷன் வானத்துக்குப் போகப் போகிறானாம். அட கடவுளே, முச்சக்கர வண்டிக்குக்கூடக் கூரையும் தகரமும் இருக்கிறதே!

பதுளைக் கடைவீதியில் மாமனார் தம்பையா ஆரம்பித்த ஹார்ட்வெயார் கடையை இப்போது புருஷன் ரமணன்தான் பார்க்கிறான். ஆணி, சங்கிலி, பெயின்ட், குழாய் என்று பிழைப்புக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மனுஷனுக்கு எங்கிருந்து இந்தப் பைத்தியம் பிடித்ததோ. வெளிநாட்டில் யாரோ பாதி கட்டி அலுத்துப்போய் விற்ற விமானத்தைப் பெட்டி பெட்டியாக இறக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்மலானைக்குப் போய்ப் பறக்கப் படித்தான். கூட்டாளி இன்ஸாபின் வெல்டிங் பட்டறையில் வைத்து, கடை பூட்டியபின் இரண்டு பேருமாகத் திருகித் திருகி அதை முழுசாக்கினார்கள். அனுமதிக் காகிதத்துக்கு அலைந்த அலைச்சல் தனி. எல்லாம் கூடி வந்து, இன்றைக்குத்தான் லுணுகலையைத் தாண்டி இந்த மைதானத்துக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் குதிரை ஓட்டிய இடமாம். சுற்றிலும் தேயிலை மலை, நடுவில் இது மட்டும் சம தரை.

அவன் பறக்கப் படித்ததைவிட, விபத்துகளைப் படித்ததுதான் அதிகம். இந்த மாதிரி வீட்டில் கட்டிய விமானங்கள் உலகத்தில் எங்கே விழுந்தாலும் ரமணனுக்குத் தெரிந்துவிடும். போனில் தேடிப் படித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தபடியே சொல்லத் தொடங்குவான்.

"கம்பெனிக்காரன் குடுத்த போல்ட் தொலைஞ்சு போச்சுன்னு ஹார்ட்வெயார் கடையில அதே சைஸ்ல ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கான் பாரு. நம்ம கடை போல்ட் மாதிரிதான். மேல போனதும் இறக்கை கழண்டுருச்சு."

"சாப்பிடுற நேரத்துல சாவுக் கதை வேணாங்க."

"சாவுக் கதை இல்லடி, பாடம். இதுல ஒண்ணுலயாவது பிளேன் தப்புன்னு இருக்கா? எல்லாம் ஆளு பண்ணின தப்பு."

அவனுக்கு அது தைரியம். அவளுக்கோ அதுவேதான் பயம். ஒவ்வொரு கதையிலும் ஒரு சின்னச் சாமான் இருக்கும். ஒருவன் பறக்குமுன் கழற்ற மறந்த பூட்டு ஊசி. இன்னொருவன் சரியாகத் திருகாத மரை. இன்னொருவனுக்குக் குளவி. டாங்கி மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு, பெட்ரோல் குறையக் குறைய அது வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும், குளவி அதில் மண் வைத்து அடைத்துவிட்டது. "டாங்கிக்கும் மூச்சு வேணும்டி. இல்லன்னா பெட்ரோல் எறங்காது, எஞ்சின் செத்துரும்," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டான். கதை முடிவில் எப்போதும் ஒரே வசனம்தான்: "காரணம் தெரியாம நின்ன எஞ்சினை நம்பித் திரும்ப ஏறுறவன் முட்டாள்."

நல்ல நேரம் முடிவதற்குள் பூசை முடிய வேண்டும் என்று அவள்தான் அவசரப்படுத்தினாள். ரமணன் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்து முடிக்கக் காத்திருந்து, சந்தனத் தட்டை எடுத்தாள். மூக்கில் ஒரு பொட்டு. இறக்கை நுனிகளில். விசிறியின் மூன்று இதழிலும். எஞ்சினில். எங்கேயாவது ஒரு இடத்தைத் தவற விட்டால் அந்த இடத்தில்தான் வினை வரும் என்று பட்டது. டாங்கிக்கு வந்தபோது, நெருப்புப் பிடிப்பதென்றால் இங்கேதான் பிடிக்கும் என்று நினைத்து, மூடியின் நடுவில் சந்தனத்தைக் கொஞ்சம் கூடவே அப்பி, குங்குமத்தை அழுத்தி வைத்தாள். இன்ஸாபின் மனைவி முஷ்ரிபா லொறிப் படியில் உட்கார்ந்து வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களுக்கும் அன்று காலை தேத்தண்ணிகூட இறங்கவில்லை.

"இன்னைக்கு ஒரு சுத்துதான்," என்றான் ரமணன், தலைக்கவசத்தை மாட்டியபடி. "ஏதாவது கோளாறுன்னா இன்ஸாப் சிவப்புத் துணிய ஆட்டுவான், எறங்கிருவேன். நீ ஆட்டாத தாயே. நீ பயத்துலயே ஆட்டுவ."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. விமானம் புல்லில் குலுங்கிக்கொண்டு ஓடியது. ஓடியது என்பதற்குள் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. "யா அல்லாஹ், எழும்பிட்டான்! எழும்பிட்டான்!" என்று இன்ஸாப் தன் பருத்த உடம்போடு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். துஷாந்தியும், பொய் சொல்லக் கூடாது, தன்னை மறந்து கை தட்டிவிட்டாள். தேயிலை மலைக்கு மேலே ஏறித் திரும்பிய அந்தத் துணி இறக்கையில் வெயில் பட்டபோது, என் புருஷன் என்று நினைத்தாள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்ப்பது தெரிந்தது.

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். விரலில் சந்தனம் காய்ந்திருந்தது. நெய் பூசியது போல வழவழவென்றிருந்த மூடியின் நடுவில், விரலுக்கு அடியில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. குளவிக் கதை முழுசாகக் கண்முன்னே வந்து நின்றது.

"இன்ஸாப் நானா, அவரை எறங்கச் சொல்லுங்க! துணிய ஆட்டுங்க!"

"என்னத்துக்கு தங்கச்சி? தங்கமாப் போறானே."

மூடியில் பொட்டு வைத்துவிட்டேன் என்பது ஒரே வரி. அது வரவில்லை. "எனக்கு... எனக்குப் பயமா இருக்கு நானா," என்றுதான் வாயில் வந்தது. இன்ஸாப் சிரித்து, ஒன்றும் ஆகாது என்று கையைக் காட்டினான். அவள் அவன் தோளில் கிடந்த சிவப்புத் துணியைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு ஓடி, தலைக்கு மேலே சுழற்றினாள். சேலை காலில் தடுக்கியது. மேலே இருந்தவன் பார்த்தான். பார்த்து, அவளைத் தெரிந்துகொண்டு, இறக்கையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்து அவளுக்கு வணக்கம் வைத்தான். கேலி செய்கிறான் படுபாவி. அவள் வாய்விட்டு அழுதாள்.

எஞ்சின் சத்தம் இருமியது. திரும்ப ஒரு இருமல். பிறகு நின்றுபோனது. அதற்குமுன் கேட்காமல் இருந்த குருவிச் சத்தமெல்லாம் கேட்டது. விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, மைதானத்தின் ஓரத்தில் நின்ற சவுக்கு மரங்களை உரசுமோ என்னும்படி வந்து, உயரமான மானாப்புல்லுக்குள் தடதடவென்று இறங்கி, ஒரு சக்கரம் வளைந்து, சரிந்து நின்றது.

அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். ரமணனுக்கு உதட்டோரம் கொஞ்சம் ரத்தம், வேறு ஒன்றும் இல்லை. மூச்சு வாங்க ஓடி வந்த இன்ஸாப் முன்னால் நின்று அவனுடைய வாரை அவிழ்த்தான். அவள் பின்னால் நின்றாள். கை தானாகப் போய் மூடியைத் திருகியது. ஸ்ஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. முந்தானையால் சந்தனத்தை வழித்து, நகத்தால் துளையைச் சுரண்டி, மூடியைத் திரும்ப மாட்டினாள். அதற்குப் பிறகுதான் புருஷனைத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

ரமணன் தண்ணீர் குடித்தான். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்தான். முதல் இழுப்பிலேயே அது உறுமிக்கொண்டு கிளம்பியது. நின்று கேட்டான். ஒரு பிசிறு இல்லை. அதைக் கேட்கக் கேட்கத்தான் அவன் முகம் வெளுத்தது. எஞ்சினை அணைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தான்.

"காரணம் ஒண்ணும் இல்லாம நின்னுருக்கு," என்றான். "இதுல இனி ஏற முடியாது. பிரிச்சு வித்துரலாம்."

துஷாந்திக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சாமி, சாமி என்று மனசுக்குள் கும்பிட்டாள். இனி போல்ட் கதை இல்லை, குளவிக் கதை இல்லை. மகள் கம்சலாவுக்கு அப்பா இருப்பார். வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதும். முந்தானையின் சந்தனக் கறையை உள்பக்கமாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பெட்ரோல் குழாய் நீதானே மாட்டின?" என்றான் ரமணன் தலையைத் தூக்காமல்.

இன்ஸாப் அவன் முன்னால் வந்து குந்தினான். "நான்தான் மச்சான்."

"மூணு தடவை சொன்னேன். உள்ள பிசிறு இல்லாம வெட்டுன்னு."

"பிசிறு ஒண்ணும் ஈக்கல்ல. பார்த்துத்தான் மாட்டின."

"அப்ப எப்பிடிடா நின்னுச்சு? காத்துலயா நின்னுச்சு?"

அந்தக் குரலில் ரமணன் அவனைப் பேசி அவள் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இன்ஸாப் லொறிக்குப் போய்ச் ஸ்பானர் சாவிப் பெட்டியை எடுத்து வந்தான். குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றிப் புல்லில் பரப்பினான். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்து ஊதினான். ஒவ்வொன்றிலும் காற்று சுத்தமாகப் போனது. பெட்ரோல் எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது பெட்ரோலால் மட்டும்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எல்லாத் துண்டையும் ஊதி முடித்து, முதல் துண்டை மறுபடி எடுத்தான்.

முஷ்ரிபா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "இவர் நேத்தும் தூங்கல்ல துஷா. அந்தக் குழாயப் பத்தித்தான் பேச்சு. அவனை ஏத்தி அனுப்புறது என்ட கைதானேன்னு." தலையில் போட்டிருந்த தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரமணனுக்கு என்னமும் ஆயிருந்தா இவர் உசுரோட ஈந்திருக்க மாட்டார்."

இன்ஸாப் குழாயைக் கீழே வைத்தான். "ஒண்ணும் தெரியல்ல மச்சான்," என்றான். "ஆனா மாட்டினது நான். என் தப்புன்னே வச்சுக்க."

ரமணன் தலையசைத்தான். இல்லை என்று சொல்லவில்லை.

துஷாந்தி இரண்டு பேரையும் பார்த்தாள். பேசினால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் முந்தானையை விரித்துப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

"நான்தாங்க. டாங்கி மூடியில பொட்டு வச்சேன். அந்த ஓட்டையில. நீங்க எறங்கினதும் தொடைச்சுட்டேன்."

இன்ஸாப் அப்படியே புல்லில் சரிந்து உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். முஷ்ரிபா அவன் முதுகில் கை வைத்தாள். ரமணன் கறையைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான். அடிப்பான், கத்துவான், கையைப் பிடித்து உலுக்குவான் என்று அவள் காத்திருந்தாள். எது செய்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றான் அவன்.

முகத்தில் ரத்தம் திரும்ப ஏறியது. "பிளேன்ல ஒண்ணும் இல்ல?" என்று தனக்குத்தானே கேட்டான். எழுந்து போய் வளைந்த சக்கரத்தை மிதித்துப் பார்த்தான். இன்ஸாபின் தோளை ஒருமுறை அழுத்தினான். பிறகு குனிந்து ஒரு பிடி காய்ந்த புல்லைப் பிடுங்கி, கையை நீட்டி, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். புல் மைதானத்தின் நீளத்துக்கு, சவுக்கு மரங்களின் பக்கம் பறந்து போனது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.