படத்தின் மேல்பக்கம்

சிவப்புப் புரட்சியை ஒடுக்க மியூனிக்குக்குள் வெள்ளைப் படை புகுந்து மூன்று நாளாயிற்று. சிவப்புக் கொடி பிடித்தவன், அவனுக்கு ரொட்டி கொடுத்தவன் என்று அகப்பட்டவனையெல்லாம் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கிரெசென்ஸின் தம்பி கோர்பினியன் கொடி பிடித்தவன். இப்போது அவள் அறைக்கு மேலே, கூரைக்கடியில், பழைய மெத்தைகளுக்குப் பின்னால் கிடந்தான்.

கதவை உதைத்துக்கொண்டு வந்த சார்ஜெண்ட் துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் இடித்தான். பல் ஒன்று தெறித்தது. கூட வந்த இரண்டு பேர் அலமாரியைக் கவிழ்த்தார்கள், படுக்கையைக் கத்தியால் கிழித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அப்படியே போயிருப்பார்கள். மேசைமேல் அவள் நேற்றுத் தீட்டிய நீர்வண்ணப் படம் இருந்தது.

"என்னம்மா இது, சாயம் துடைச்ச துணியா?" என்றான் சார்ஜெண்ட்.

"படம்தாங்க."

"படமா? ஆளையும் காணோம், வீட்டையும் காணோம்."

மூன்று சிவப்புத் தீற்றல், ஒரு நீலம், பிறகு வெறும் தாள். மறுபடி மூன்று சிவப்பு. சார்ஜெண்ட் சிவப்பை விரலால் தட்டிப் பார்த்தான். நிறுத்தினான். மறுபடி தட்டினான்.

"அடேய், இது நம்ம மெஷின்கன்னுடா," என்றான். "குழாய் சூடாகாம விட்டு விட்டு அடிப்போமே, அந்த இடங்கூட இருக்கு."

ஐந்து வருஷமாக அவள் தீட்டுவது இந்த ஊர் மேதாவிகள் எவனுக்கும் புரிந்ததில்லை; ஒரு கொலைகாரனுக்குப் புரிந்துவிட்டது. வெட்கக்கேடு, அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இதை நான் எடுத்துக்கறேன்" என்று சுருட்டப் போனவன் பின்பக்கத்தைப் பார்த்தான். ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 'மேலே' என்று ஒரு சொல்.

அதை எழுத வைத்தவனே தம்பிதான். எந்தப் படத்தை எடுத்தாலும் வேண்டுமென்றே தலைகீழாகப் பிடித்து, "அக்கா, இதுல தலை எது, கால் எது?" என்று உயிரை வாங்குவான். அந்தத் தொல்லை தாங்காமல் எல்லாப் படத்துக்கும் பின்னால் இப்படி எழுதிவைப்பாள்.

சார்ஜெண்ட் கூரையை அண்ணாந்து பார்த்தான். "யாருக்கு இந்தச் சேதி?"

"சேதி இல்லீங்க. படத்தோட மேல்பக்கம் அது."

மூன்று பேரும் சிரித்தார்கள். "இந்தக் கறைக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் வேறயா? யாருக்குக் காது குத்தறே?"

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் உதைத்துத் தள்ளிவிட்டு, வெளியிலிருந்து ஓர் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து ஏறினார்கள். மெத்தைகள் இழுபட்டன. "அக்கா" என்று ஒரு குரல். மூன்று வெடி கேட்டது. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

பலகை இடுக்கு வழியாக ரத்தம் சொட்டத் தொடங்கியது. எழுதிய கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இறங்கி வந்த சார்ஜெண்ட், "நீயே வெச்சுக்கோ" என்று படத்தை அவள் முன்னால் வீசிவிட்டுப் போனான். தம்பி பிடிப்பானே, அதேபோலத் தலைகீழாக விழுந்தது. கிரெசென்ஸ் அதைத் திருப்பவில்லை.