படகைப் பார்த்துக்கொண்டவள்

கலியாணமான ஒருவர் கத்தோலிக்கக் கோயிலில் பாதருக்கு அடுத்த படியான திருத்தொண்டராக வேண்டுமென்றால் மனைவி சம்மதிக்க வேண்டும் என்பது நிரஞ்சனிக்கு அதுவரை தெரியாது. அவள் புருசன் நீக்கிலாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடலுக்குப் போய் வளர்ந்தவன். கனடாவில் மொன்றியலுக்கு வந்தும் மீனை விடவில்லை. பியர்பொன்ட்ஸ், கர்க்லாண்ட் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குத் தன் வான் வண்டியில் மீன் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தான். வெட்டிக் கழுவிப் பொதி கட்டுவது அவள் வேலை.

ஒரு மாரியில் பியர்பொன்ட்சில் குணரத்தினம் என்ற வாடிக்கையாளர் சாகக் கிடந்தார். சைவ சமயக்காரர். மீன் கொடுக்கப் போனவனின் கையைப் பிடித்தவர் பிறகு விடவேயில்லை. மகள் வந்து சேரும் முன்னே உயிர் போய்விட்டது. அன்றையிலிருந்து நீக்கிலாப்பிள்ளை பழைய ஆளாக இல்லை. திருத்தொண்டராகி இனி நோயாளிகளோடுதான் இருக்கப் போகிறேன் என்றான். வானை வாங்க ஆளும் பார்த்துவிட்டான்.

நிரஞ்சனி சண்டை பிடிக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு மீன் வெட்டப் போனாள். கடவுள் கூப்பிட்டார் என்று சொல்கிறவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அவர்களின் கோயில் கிருபானந்தன் பாதர் அவளின் சம்மதம் பற்றித் தனியாகக் கதைக்க வீட்டுக்கு வந்தார். இளம் ஆள். ஆண்டவர் கூப்பிட்டதும் பேதுருவும் அந்திரேயாவும் வலையை விட்டுவிட்டுப் போனதையும், யாக்கோபும் யோவானும் தகப்பனையே படகில் விட்டுப் போனதையும், மத்தேயு வரி வாங்கிய இடத்திலிருந்து எழும்பிப் போனதையும் சொன்னார். மற்றச் சீடர்களில் பலர் என்ன தொழில் செய்தார்கள் என்று வேதாகமம் சொல்லவில்லையாம்.

"பேதுருவுக்குப் பெண்சாதி இருந்தவதானே, பாதர்?"

"ஓம். மாமியாரின்ர காய்ச்சலை ஆண்டவர் மாத்தினவர் எண்டு இருக்கு."

"அவர் போனாப் பிறகு அவ என்ன செய்தவ?"

"அது எழுதப்படேல்லை, அக்கா."

நிரஞ்சனி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆண்டவர் உயிர்த்தாப் பிறகு பேதுரு திரும்ப மீன் பிடிக்கப் போறார். அப்ப படகு இருந்திருக்கு. வலை இருந்திருக்கு. ஆரோ அதுகளைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கினம்."

பிறகு பாதர் பக்கம் திரும்பினாள்.

"இவர் போகட்டும், பாதர். நான் மறிக்கேல்லை. வானை மட்டும் விக்க விடமாட்டன்."

பாதர் சொல்லி அதைக் கேட்ட நீக்கிலாப்பிள்ளை வான் வாங்க இருந்தவனுக்குப் போன் எடுத்து இல்லையென்று சொன்னான். பிறகு குசினிக்குள் வந்து அடுப்படியில் அவளருகே நின்று அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. அவளுக்கும் அழுகை வந்தது.

அவன் திருத்தொண்டருக்குப் படித்த வருசங்களில் அவள் கார் ஓட்டப் பழகினாள். முதல் தரம் சோதனையில் தவறினாள். பிரெஞ்சில் கேட்ட கேள்வி விளங்காமல், வலப்பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் நேரே போய்விட்டாள். அடுத்த தரம் லைசென்ஸ் கிடைத்தது.

திருத்தொண்டர் பட்டம் கொடுத்த அன்று அவன் சடங்குப்படி பீடத்தின் முன்னே முகம் குப்புறக் கிடந்தான். முன்வரிசை வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தான் அவனைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டாளா, இன்னும் வைத்திருக்கிறாளா என்று விளங்கவில்லை. எழும்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டபோதும் விளங்கவில்லை.

இப்போது காலையில் அவன் ஆசுபத்திரிக்குப் போகிறான், அவள் வானை எடுத்துக்கொண்டு மீனோடு போகிறாள். பின்னேரம் இருவரும் களைத்து வந்து மேசையில் எதிரெதிரே இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் தேத்தண்ணி வைக்க எழும்புவார்.