வாசல் இல்லாத எட்டு

ஹேமாவதியின் மோட்டார் சைக்கிள் அந்த ஆறு மாதமும் எட்டு வடிவத்தில் மட்டுமே ஓடியது. ஒவ்வொரு எட்டும் முந்தியதைவிட பத்து முழம் தள்ளி விழும். அப்படித்தான் அவள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்கு நாற்பத்தொரு எட்டுப் போட்டு முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்த வாரம் தக்காளி கிலோ அறுபது ரூபாய். குன்றக்குடிச் சாலையில் பஸ் டிரைவர்கள் முதலில் ஹாரன் அடித்தார்கள். பிறகு அவள் எட்டு முடியட்டும் என்று எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் அவள் புருஷன் கருத்தையா. மானகிரியில் வீடு கட்டிக் கொடுக்கும் ஆசாரி. வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்துவரும் வேலை ஒன்று ஹேமாவதிக்குக் கிடைத்திருந்தது. முப்பத்தொன்பது வயதில் அவள் பெயருக்கென்று வந்த முதல் வேலை. பழகுவதற்குக் கொடுத்த எல்.எல்.ஆரின் ஆறு மாதக் கெடு முடிவதற்குள் லைசென்ஸைக் காட்டவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். லைசென்ஸுக்குக் காலை ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும், அப்புறம் ரோட்டில் நேராக ஓட்டிக் காட்டவேண்டும். பழகிப் பார்க்க வீட்டுக்குப் பின்னாலுள்ள பொட்டலில் ஓர் எட்டு வரைந்து கொடுக்கும்படி அவள் கருத்தையாவைக் கேட்டாள். கால் மூட்டை சுண்ணாம்புப் பொடி, பத்து நிமிட வேலை. அவளே வரைந்திருக்கலாம். ஆனால் தரையில் கோடு கிழிப்பது என்றால் ஆசாரி சும்மா கிழிப்பாரா? வாஸ்து நாளுக்காக ஒன்பது நாள் காத்திருந்தார். பதினெட்டடி வட்டம் மனையடி சாஸ்திரத்துக்கு ஆகாது என்று இருபதடியாக்கினார். நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்து, நூல் பிடித்து, ஈசானிய மூலையில் தேங்காய் உடைத்து, நவதானியம் தூவினார். மூன்றாம் நாள் தானியம் முளைத்தது. அன்றைக்கு உள்ளே ஓட்டிக்கொண்டு போனவளுக்கு அதற்குப் பிறகு நேராக ஓட்ட வரவில்லை.

முதல் டெஸ்டில் அவள் போட்ட எட்டைப் பார்த்து இன்ஸ்பெக்டர் நாற்காலியைவிட்டு எழுந்தார். இப்படி ஓர் எட்டை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கேட் வரை நேராகப் போய்வரச் சொன்னார். அவள் பதினேழு எட்டுப் போட்டுக் கேட்டை அடைந்தாள். ஃபெயில். இரண்டாவது டெஸ்டிலும் அதே கதை. இன்ஸ்பெக்டர் தானே வண்டியை ஓட்டிப் பார்த்தார். அது கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. டென்ஷன் ஆகக்கூடாது என்று ஹேமாவதிக்கு அறிவுரை சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவளுக்கு உண்மையிலேயே டென்ஷன் ஆனது.

எல்.எல்.ஆர். முடிய இரண்டு நாள் இருக்கையில், பரிசோதனை நிலையத்திலிருந்து லைசென்ஸ் என்னாச்சு என்று போன் வந்தது. ஹேமாவதி பொட்டலில் போய் நின்றாள். முழங்கால் உயரம் வளர்ந்து கதிர் விட்டிருந்த தானியத்தையும் மூலைக் குச்சிகளையும் பார்த்தாள். ஆறு மாதமாகப் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் விளங்கியது. கருத்தையாவைக் கூப்பிட்டாள்.

"எட்டுதானே போடச் சொன்னேன்? வீடு கட்டி வச்சிருக்கீக."

எல்லாம் முறைப்படிதானே செய்தேன் என்றார் அவர்.

"முறைன்னா வாசல் எங்க? உள்ள போனவ வெளிய வர வேணாமா?"

நானூறு வீட்டுக்கு வாசல் நிலை வைத்த மனிதர். ஒரு வீட்டுக்கும் மறந்ததில்லை. சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஒரு சுற்று நடந்து வந்தார்.

"நீ ஊரு ஊரா அங்குட்டும் இங்குட்டும் தனியா அலையிறது எனக்குப் பிடிக்கல" என்றார் கடைசியில். "அதுதான் அளவுல விழுந்திருச்சு போல."

"பிடிக்கலைன்னா வாயில சொல்றதுக்கு என்ன? ஆறு மாசமா சுத்த விட்டிருக்கீக."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாரோ ஒருவர் வீட்டுக்குச் செய்து வைத்திருந்த தேக்கு நிலையைத் தனி ஆளாகத் தோளில் சுமந்து வந்து, கிழக்குப் பக்கக் கோட்டை வெட்டி நட்டார். மஞ்சள் பூசினார், மாவிலை கட்டினார். நல்ல நேரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஹேமாவதி அதுவரை காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். ஒரு சுற்று வந்து, நிலை வழியாக வெளியே வந்து, ரோட்டில் ஏறி, நேரே போனாள். குன்றக்குடி மலை தெரியும்வரை போய்விட்டுத்தான் திரும்பினாள். மறுநாள் டெஸ்டில் இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தாமலே கையெழுத்துப் போட்டார்.

இப்போது தினமும் காலையில் ரத்தப் பெட்டியோடு அவள் அந்த நிலை வழியாகத்தான் கிளம்புகிறாள், சிங்கம்புணரிவரை போய்வருகிறாள். நிலைக்குச் சொந்தக்காரர் மட்டும் வாரம் ஒருமுறை வந்து சத்தம் போடுகிறார். போன வாரம் அவர், நிலையைத்தான் திருப்பித் தரவில்லை, திறந்து கிடக்கிறதே, ஒரு கதவாவது போடக்கூடாதா என்று கேட்டார்.

கருத்தையா மரம் இழைப்பதை நிறுத்தவில்லை. "கதவு வேணாங்க" என்றார். "போட்டா நான் பூட்டிருவேன்."