டின்னுக்குள் மூன்று கிறிஸ்மஸ்

வரதராஜன் நீட்டிய கடிதத்தைப் படித்ததும் சிவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெல்பர்ன் நர்சரி ஒன்றில் செடி நடுகிற வேலை அவளுக்கு. அவள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றாததால்தான் பள்ளிக்கூடத்துக்கு விற்ற இருபது ஸ்புரூஸ் என்கிற கிறிஸ்மஸ் மரங்களும் காய்ந்துபோயினவாம்; அதை ஒப்புக்கொண்டு அவள் கையெழுத்துப் போடவேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் பத்து வருஷம் தாவரவியல் படிப்பித்தவளுக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாதாம்! என்ன கொழுப்பு இந்த வெள்ளைக்கார முதலாளிக்கு!

"ஒரு கையெழுத்துதானேங்க, போட்டுடுங்க," என்றார் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் வரதராஜன், மதுரைக்காரர். "இல்லேன்னா இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடுவார்."

"எந்த வாயாலை சொல்லுறியள்? கிழமைக்கு மூண்டு தரம் போய்த் தண்ணி விட்டனான். அந்த மரங்கள் மூண்டு கிறிஸ்மஸா விலைப்படாமல் அதே தகர டின்னுக்கை நிண்டதுகள். நடேக்கை வேரை வெட்டி விரிச்சு விடுவம் எண்டு கேட்டனான். கத்தி வைச்சால் வாங்கிறவன் பயப்பிடுவான் எண்டு முதலாளி கத்தினவர். நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?"

வரதராஜன் பேனாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

மத்தியானம் செத்த மரங்களைப் பார்க்க முதலாளியோடு அவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தலைமை ஆசிரியை வாசலிலேயே காத்திருந்தார். முதலாளி வாய் திறக்கும் முன்பே சிவனேஸ்வரி முதல் மரத்தைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுவையில் கையோடு வந்தது. வேரெல்லாம் ஒன்றையொன்று சுற்றி, இறுகி, அப்படியே டின்னின் வடிவத்தில் இருந்தது. நட்டு ஐந்து மாதமாகியும் ஒரு வேர்கூட வெளி மண்ணுக்குள் போகவில்லை. சுற்றிலும் ஈரம் இருந்தும் மரம் தாகத்தில் செத்திருந்தது.

முதலாளி வெட்கப்பட்டாரா? சிரித்தார்! வேறு இருபது மரம் இலவசமாகத் தருகிறேன் என்றார். எங்கேயிருந்து? நர்சரியில் அதே வரிசையில், அதே டின்களில் மிச்சம் நிற்பவைதான்.

சிவனேஸ்வரி கடிதத்தை எடுத்து, தண்ணீர் ஊற்றவில்லை என்ற வரியைப் பேனாவால் தாள் கிழியக் கிழிய அடித்தாள். வேர் சுற்றிய கதையை ஆங்கிலத்தில் எழுதி, வரப்போகிற இருபதும் இப்படியே சாகும் என்று சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தாள்.

"ஐயோ, வேலை போயிடுமே!" என்று பதறினார் வரதராஜன்.

"போகட்டும். இருந்தால், அந்த இருபதையும் நான்தான் சாகடிச்சனான் எண்டு அடுத்த வருசம் இன்னொரு கடிதம் கொண்டு வருவியள். அதை வாங்க நான் இருக்கமாட்டன்."