பருப்புச் சரையில் கிழிந்த கடைசி வரி

1

இந்தக் கதை பரந்தன் பஸ் தரிப்பில் வாங்கிய ஒரு கச்சான் சரையில் தொடங்கியது. கதைக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று முதலில் இதை மறைக்கத்தான் நினைத்தேன். ஒரு யுத்தத்தில் தொடங்கியது, ஒரு கனவில் தொடங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். என்ன செய்ய, கச்சானில்தான் தொடங்கியது.

கச்சான் கடலை முடிந்ததும், அதைக் கூம்பாகச் சுற்றித் தந்த கடதாசிச் சரையை விரித்துப் பார்த்தேன். யாரோ ஒரு பிள்ளை செய்து பழகிய, சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாள். வாசித்து விடை எழுதுவதற்கு யானைகளைப் பற்றிய ஒரு கிரகித்தல் பந்தியும், கீழே கேள்விகளும். சரையின் கூர்முனை கிழிந்து, பந்தியின் கடைசி வரி போய்விட்டிருந்தது. அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

[ஏறினேன். ஏறவில்லை என்று எழுதினால் உணர்ச்சியாக இருக்கும் என்று பார்த்தேன். அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் யார்தான் ஏறாமல் நிற்பார்கள்?]

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "1997ஆம் ஆண்டு வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை, மண்ணெண்ணெய் இருக்கவில்லை, கடதாசி" — இதோடு நிறுத்திவிட்டேன். இல்லாதவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

இரண்டாவது: "ஆன்சலாவின் கண்கள்" — இதையும் விட்டுவிட்டேன். அவளுடைய கண்கள் எப்படியிருந்தன என்று எனக்கு இப்போது நினைவில்லை. நினைவில் இருப்பது, அவள் என்னை 'நீர்' என்று சொன்னதுதான். மெல்ரொனை 'நீ' என்பாள், என்னை 'நீர்' என்பாள். அந்த ஒரு எழுத்துக்காகவே நான் பின்னேரங்களில் தலையைச் சீவி இழுத்துக்கொண்டு போவேன்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன், அது வெறும் தகவல்:

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கொன்ஸ்ரன்ரைன் குடும்பம், அக்கராயனில் வீரகத்தியின் காணிக்குள் கொட்டில் போட்டது. வீரகத்தி என்னுடைய அப்பா, வயல்காரர். கொன்ஸ்ரன்ரைன் கடல்காரர். கடல் இல்லாத ஊருக்கு வந்ததால் குளத்தில் வலை போட்டார். பிடித்த மீனை வாலில் தூக்கிப் பார்த்து, "இது மீனே தம்பி, சேத்துக்குச் செட்டை முளைச்சிருக்கு" என்பார். அப்பாவுக்கு முகம் கறுக்கும். குளத்தைக் குறை சொன்னால் அவருக்குத் தன்னைச் சொன்ன மாதிரி. ஆனாலும் மீனை வாங்கிக்கொள்வார்.

கொன்ஸ்ரன்ரைனின் மனைவி சூசையம்மா, மகள் ஆன்சலா. ஆன்சலாவின் சித்தப்பா மகன் மெல்ரொனும் அவர்களோடுதான் இருந்தான். அவர்கள் இருவரும் நானும் அந்த வருடம் மார்கழியில் பதினோராம் வகுப்புக்கான சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தோம்.

இனி முக்கியமான விசயம். மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் விடுதி ஒன்றில் ஆன்சலா தங்கி மேலே உயர்தர வகுப்பில் படிக்கலாம் என்று அவளுடைய பெரியம்மா சொல்லியனுப்பியிருந்தா. மற்றப் பாடங்கள் அவளுக்குப் பிரச்சினையில்லை. அந்த விடுதிக்கு ஆங்கிலமும் பாஸாகிச் சித்தியடைந்த பிள்ளை வேண்டும். சித்தியடைந்தால் மன்னார். இல்லாவிட்டால் குளமும் வலையும்தான் என்று சூசையம்மா தெளிவாகச் சொல்லிவிட்டா.

ஆன்சலாவுக்குப் போகவேண்டும். அவள் சித்தியடையவேண்டும் என்று நானும் மனதார விரும்பினேன். அவள் போகக்கூடாது என்றும் மனதார விரும்பினேன். இரண்டும் ஒரே மனம்தான், இடம் இருந்தது.

3

ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் கொழும்புக்குப் போனவா, திரும்பி வரவில்லை. பழைய வினாத்தாள்களும் இல்லை. இருந்தது சின்னராசா கடை.

சின்னராசாவுக்கு எங்கிருந்தோ பழைய கடதாசிக் கட்டுகள் வரும். பருப்பும் சீனியும் அதில்தான் சுற்றுவார். அந்தக் கட்டுகளுக்குள் கொழும்புப் பிள்ளைகள் செய்து எறிந்த ஆங்கில வினாத்தாள்கள் இருப்பதை முதலில் கண்டவள் ஆன்சலா. அன்றிலிருந்து எங்களைக் கண்டால் அவர் கட்டைக் கிளறுவார்.

"இண்டைக்குப் பருப்பை இங்கிலீசில தாறன், கொண்டு போங்கோ" என்பார்.

சரை சுற்றும்போது கூர்முனையை முறுக்குவார். வீட்டில் பிரிக்கும்போது அந்த முனை கிழிந்துவிடும். எங்களுக்குக் கிடைத்த பந்திகளில் அனேகமானவற்றுக்கு முடிவில்லாமல் போனது இப்படித்தான்.*

(* சீனிச் சரையில் வந்த பந்திகளை எறும்பும் வாசித்தது. அதனால் அவற்றைக் கொடியில் தொங்கவிட்டுப் படிப்போம்.)

பங்கருக்கு மேலே இருந்துதான் படிப்போம். குண்டுக்குப் பதுங்கும் குழியை எங்கள் பக்கத்தில் பங்கர் என்பது வழக்கம். எங்கள் வீட்டுப் பங்கருக்குக் கூரை, ரயில் பாதையிலிருந்து கழற்றி வந்த சிலிப்பர் கட்டைகள். அதற்கு மேலே மண். அந்த மண்மேட்டில் வேப்பமர நிழல் விழும். அக்கராயனில் அதைவிட நல்ல வகுப்பறை அப்போது இருக்கவில்லை.

மெல்ரொனிடம் ஒரு முறை இருந்தது. "கேள்வியில இருக்கிற சொல்லைப் பந்திக்குள்ள தேடு. பிடிபட்டா வசனத்தோட இழுத்துக் கரையில போடு" என்பான். பந்தி எதைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

ஆன்சலாவின் முறை வேறு. "பந்தியில இல்லாததை எழுதக்கூடாது" என்பாள். அவ்வளவுதான். இதை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லுவாள் என்று

[வேண்டாம். அடிக்கடி சொல்லுவாள்.]

4

ஒரு நாள் வந்த சரையில் ஒரு பந்தி. விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போன பிள்ளைகள். தோட்டம், நாய், பாலில் செய்த ஏதோ ஒரு சாப்பாடு. கடைசி வரியில், விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் சந்தோசமாக ஓடினார்கள் என்பது வரை இருந்தது. எங்கே ஓடினார்கள் என்ற இடம் கிழிந்துவிட்டது. ஓரத்தில் கேள்விகள் தப்பியிருந்தன. கடைசிக் கேள்வி: பிள்ளைகள் எங்கே ஓடினார்கள்?

நாங்கள் மூவரும் யோசிக்கவே இல்லை. பங்கருக்கு என்று எழுதினோம். வேறு எங்கே ஓடுவது?

விடைகளை மாற்றித் திருத்தும்போதுதான் ஆன்சலா பேனையை வைத்தாள்.

"பங்கருக்கு ஆரும் சந்தோசமா ஓடுவினமே?"

"ஏன், கணக்குப் பாட நேரம் பிளேன் வந்தா நான் சந்தோசமாத்தான் ஓடுறனான்" என்றான் மெல்ரொன்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மாட்டுக்கு வைக்கோல் கொண்டுபோன அப்பாவும் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார். "வெளிநாட்டுக்காரர் பங்கரைச் சீமெந்தில கட்டியிருப்பினம் பிள்ளை. தண்ணி ஊறாது, பாம்பு கிடவாது. சந்தோசமா ஓடலாந்தானே."

"இல்லை ஐயா. இவை ஒளிக்க ஓடேல்லை. பாக்க ஓடியிருக்கினம்."

"என்னத்தைப் பாக்க?" என்று நான் கேட்டேன்.

"பிளேனை."

நாங்கள் சிரித்த சிரிப்பில் மேட்டு மண் சரிந்தது. ஆன்சலா சிரிக்கவில்லை.

"நாங்களும் கை காட்டினனாங்கள்" என்றாள். "சின்னனில. கடற்கரையில நிண்டு. பிளேன் போகேக்க தண்ணி மட்டும் ஓடிப்போய்க் கை காட்டுவம்."

"நான் காட்டேல்லை" என்றான் மெல்ரொன்.

"நீ அப்ப களிசான் இல்லாமத் திரிஞ்சனீ. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது."

நான் அவளுடைய விதியை அவளுக்கே திருப்பிப் போட்டேன். "பந்தியில இல்லாததை எழுதக்கூடாதெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"இது இல்லாததில்லை" என்றாள். "கிழிஞ்சது."

6

[ஐந்தாம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் வன்னிப் பிள்ளைகளின் கல்வி பற்றிய ஒரு கட்டுரை இருந்தது. நீங்கள் ஒன்றையும் இழக்கவில்லை.]

அதற்குப் பிறகு ஆன்சலாவைப் பயம் பிடித்துக்கொண்டது. எங்களுக்குச் சரி என்று தோன்றுகிற விடைதான் பிழை என்றால், பரீட்சையில் எதை நம்பி எழுதுவது? திருத்துகிறவர் எங்கோ தூரத்தில் இருப்பவர். அவருடைய வீட்டு வளவில் பங்கர் இருக்காது.

"இனிமேல் பங்கர் இல்லாத ஆள் மாதிரி யோசிச்சு எழுதுவம்" என்றாள்.

இதுதான் எங்கள் பயிற்சி. இதைப் பயிற்சி என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். கேள்வியை வாசித்ததும் மனதில் முதலில் வருகிற விடையைச் சத்தமாகச் சொல்லவேண்டும். பிறகு அதை விட்டுவிட்டு, பங்கர் இல்லாத ஆள் என்ன சொல்லுவார் என்று தேடவேண்டும். வீடு ஏன் திடீரென்று இருண்டது? மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. இல்லை, யாரோ சுவிச்சை அமத்தியிருக்கிறார்கள். ரயில் ஏன் வரவில்லை?

"தண்டவாளத்தில நாங்களெல்லோ இருக்கிறம்" என்றான் மெல்ரொன், சிலிப்பர் கட்டையைத் தட்டிக்காட்டி.

இல்லை, மழை. பந்தியில் மழை பெய்தது.

எனக்கு அந்தப் பின்னேரங்கள் வேண்டும். ஒளிக்காமல் சொல்கிறேன், இந்தக் கதையை எழுதுவதே அதற்காகத்தான். யாரும் குண்டை விரும்புவதில்லை, இடம்பெயர்வை விரும்புவதில்லை. ஆனால் பங்கருக்கு மேலே இருந்துகொண்டு, பங்கர் இல்லாத ஒரு வீட்டின் மாமாவையும் நாயையும் தோட்டத்தையும் மூன்று பேர் சேர்ந்து யோசித்தோமே, அது எனக்கு வேண்டும். அதற்குப் பிறகு நான் சுவிச்சும் ரயிலும் உள்ள ஊர்களில் எல்லாம் இருந்துவிட்டேன். அவ்வளவு கவனமாக எதையும் வாசித்ததில்லை.

[இங்கே ஒரு சந்தேகம். ஆன்சலா இவ்வளவு கெட்டிக்காரியா, அல்லது என்னுடைய வசனங்களை நான் அவளுடைய வாயில் வைக்கிறேனா? "கிழிஞ்சது" என்று சொன்னது அவள்தான். மற்றவற்றுக்கு நான் சத்தியம் செய்யமாட்டேன்.]

7

பரீட்சையில் விமானப் பந்தி வந்தது என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். பொய். வந்தது தேனீக்களைப் பற்றிய பந்தி. தேனீக்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான், பிழைவிட இடமில்லை.

அடுத்த வருடம் முடிவுகள் வந்தன. ஆன்சலா ஆங்கிலத்தில் சித்தி. நானும் சித்தி. மெல்ரொனும் சித்தி, இழுத்துக் கரையில் போட்டு.

அவள் புறப்பட்ட காலை, அக்கராயன் சந்தியில் மல்லாவிக்குப் போகும் உழவு இயந்திரம் நின்றது. அங்கிருந்து வேறு வாகனம் பிடித்து மன்னார்ப் பக்கம் போவதாக ஏற்பாடு. அதன் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சூசையம்மா மகளின் தலையைத் தடவுவதும் ஏசுவதுமாக நின்றா. நான் சொல்ல வைத்திருந்த வசனம் நன்றாகப் பாடம். முதல் சொல்லைச் சொல்ல வாய் எடுத்தபோது விமானச் சத்தம் கேட்டது.

சந்தியில் நின்ற எல்லோரும் சின்னராசா கடைக்குப் பக்கத்தில் இருந்த பங்கருக்கு ஓடினோம். கால் அதுவாக ஓடும், யாரும் யோசிப்பதில்லை. உள்ளே இடம் நிறைந்துவிட்டது. நான் வாசல் படியில் நின்றேன், எனக்குப் பின்னால் சூசையம்மா.

"ஆன்சலா, விழுந்து படடி" என்று அவ கத்தினா.

ஆன்சலா உழவு இயந்திரத்தின் பக்கத்திலேயே, வெட்டை வெளியில் நின்றாள். சத்தம் வழக்கமான சத்தம் இல்லை என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. மிக உயரத்தில், கடைக் கூரைக்கு நேர் மேலே, ஒரு வெள்ளை விமானம் வேறு ஏதோ நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் கண்ணுக்கு வெயிலை மறைத்தாள். மற்றக் கையை உயர்த்திக் காட்டினாள். சந்தோசமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்த திசையில் மேலே விமானம் இருந்தது. கீழே பங்கர் வாசலில் நான் இருந்தேன். கையின் நிழல் விழுந்ததால் அவளுடைய கண்கள் தெரியவில்லை.

8

முடிவுகள்:

அ) நான் பங்கரிலிருந்து வெளியே ஓடி, அவள் பக்கத்தில் நின்று விமானத்துக்குக் கை காட்டினேன். நல்ல முடிவு. ஆனால் அன்று சந்தியில் நின்ற மெல்ரொன் உயிரோடு இருக்கிறான், இதை வாசிப்பான், சிரிப்பான்.

ஆ) பல வருடங்களுக்குப் பிறகு பரந்தன் பஸ் தரிப்பில், கச்சான் வாங்கும்போது, பின்னால் ஒரு குரல் 'நீர்' என்று — வேண்டாம்.

இ) எல்லோரும் வெளியே வந்தோம். பயணம் பிந்துகிறது என்று சாரதி ஏசினார். சூசையம்மா மகளைக் கட்டிப்பிடித்து ஏற்றிவிட்டா. பாடமாக்கிய வசனம் என்னிடமே இருந்தது. உழவு இயந்திரம் திரும்பியபோது நான் கை காட்டினேன். புழுதிக்குள் அவள் அதைக் கண்டாளோ தெரியாது.

நடந்தது இதுதான். இதற்குப் பிறகு அவள் எங்கே, எப்படி என்பது இந்தப் பந்தியில் இல்லை.

9

பந்தியை எழுதியவனுக்கு எல்லா விடையும் தெரியும் என்றுதான் அந்த நாளில் நாங்கள் நினைத்திருந்தோம். இந்தப் பந்தியை எழுதியவன் நான். எனக்கு ஒரு கேள்விக்கு விடை தெரியாது. இத்தனை வருடமாக ஒரு நாளைக்கு ஒரு விடை எழுதுகிறேன், அடுத்த நாள் வெட்டுகிறேன். உங்களிடம் தருகிறேன்.

பந்தியில் இல்லாததை எழுதக்கூடாது. ஆனால் இது இல்லாததில்லை, கிழிந்தது. எனக்காகப் பரிதாபப்பட்டும் எழுதவேண்டாம். நான் அன்றைக்குப் படியில் நின்றவன், என்னுடைய விடையை நம்ப முடியாது. பங்கர் இல்லாத ஆள் மாதிரி யோசித்து எழுதுங்கள்.

கேள்வி: ஆன்சலா யாருக்குக் கை காட்டினாள்?

.......................................................