வெப்ப நிகழ்வுக்கு முன்பதிவு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கார் கம்பெனியின் கடிதத்திலிருந்து திருடியது. குறிப்பிட்ட மாடல் வண்டிகளில், எஞ்சினுக்குப் பக்கத்து மின் இணைப்பில் ஈரம் இறங்குகிறதாம். அணைத்து நிறுத்தியிருந்தாலும் "அரிதான சூழல்களில் வெப்ப நிகழ்வு நேரக்கூடும்". இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். அதுவரை வீட்டை ஒட்டி நிறுத்தக் கூடாது.

வெப்ப நிகழ்வு! தீப்பிடிக்கும் என்று சொல்ல எவ்வளவு கூச்சம். விடுவேனா?

2

முதல் வரைவு: "அந்தக் காலைப்பொழுதில் விதி ஒரு உறைக்குள் ஒளிந்து—"

(அடித்துவிட்டேன். விதியை உறைக்குள் ஒளித்துவைப்பவர்களைக் கிண்டல் செய்துதான் இருபது வருடமாகப் பிழைக்கிறேன்.)

இரண்டாம் வரைவு: ஒரு வங்கி மேலாளர் இருந்தார்.* கடிதத்தை மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவால் சொல்லுக்குச் சொல் வட்டமிட்டார். ஓரத்தில் கேலி எழுதினார். கேலி வளர்ந்து கட்டுரையாகி வார இதழில் வந்தது. பதினோரு பேர் பாராட்டினார்கள். இதற்கெல்லாம் ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் மனைவி அதே காரில்தான் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். இரவில் கார் மகளின் அறை ஜன்னலுக்குக் கீழே நின்றது. கடிதத்தின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணை மட்டும் அவர் வட்டமிடவில்லை.

* வங்கி மேலாளர் எதற்குக் கட்டுரை எழுதுகிறார் என்று கேட்காதீர்கள். வேறு தொழில் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன்.

3

மனைவி இதழோடு வந்து நின்றாள்.

"ஏங்க, கட்டுரை படிச்சேன். ஆபீஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"அப்படியா?" மேலாளருக்கு முகமெல்லாம் பல்.

"மூணாவது பத்தி வரைக்கும். வண்டி நிறம், வாங்கின வருஷம் எல்லாம் போட்டிருக்கீங்க. நம்ம வண்டிதானே?"

"எழுத்துல அதையெல்லாம் அப்படி நேரடியா—"

"பாப்பா ஜன்னலுக்குக் கீழ நிக்குதே, அந்த வண்டிதானே?"

"ஆமா."

"போன் பண்ணீங்களா?"

(இந்த இடத்தில் மேலாளருக்கு ஒரு நல்ல பதில் எழுதிக்கொடுக்க இரண்டு நாள் முயன்றேன். அகப்படவில்லை.)

அவள் சாவியை எடுத்துப்போய்த் தெருக்கோடி வெட்டவெளியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தாள். அவளே போன் செய்து நேரமும் வாங்கினாள்.

4

முடிவு ஒன்று: தீ. விறுவிறுப்பாக இருக்கும். எழுதக் கை வரவில்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் தூங்குகிறவளுக்கு ஏழு வயது.

முடிவு இரண்டு: மெக்கானிக் புது இணைப்பை மாட்டிவிட்டு, "அரை மணி நேர வேலை சார், இதுக்கா இவ்ளோ நாள்?" என்கிறார். அவமானமான முடிவு. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு யாராவது வண்டியைக் கொண்டுபோக வேண்டும். இன்று பத்து மணிக்கு முன்பதிவு. இப்போது ஒன்பது நாற்பது.

"இன்னும் கிளம்பலையா?" என்கிறது கூடத்துக் குரல். மேலாளரின் மனைவி எப்படி என் வீட்டுக் கூடத்தில் என்று யோசிக்காதீர்கள்.

"இதோ, கடைசிப் பத்தி."

"இதை விட்டா அடுத்தது மூணு வாரம் கழிச்சுதானாம். அதையும் கிண்டலா ஒரு பக்கம் எழுதிடுங்க."

கச்சிதமான மூன்றாவது முடிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதப் பத்து நிமிடம் போதும். சர்வீஸ் சென்டருக்குப் போக இருபது வேண்டும். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கம் மட்டும் தருகிறேன்: மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி—